சால்னா இல்லாத கடை

என் இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு தூக்குவாளி. எங்கள் பாத்திரக் கடைச் சரக்குதான். மூடி இறுக்கமாக உட்காரும் ரகம். அதற்குள் மூன்று லிட்டர் சால்னா. தேனியில் கிளம்பிய வேன் உத்தமபாளையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. சின்னமனூருக்குப் பிறகு வரும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்கிறேன்.

வேனுக்குள் எங்கள் குடும்பத்து ஆட்கள் இருபத்தாறு பேர். காலையில்தான் கோயிலில் என் கணவரின் அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம் முடிந்திருந்தது. (கோயில்தான், தேவாலயம் என்ற சொல் எங்கள் வாயில் வராது.) ஞானஸ்நான விருந்தை வீட்டில் போடாமல் வெளியூர்க் கடை ஒன்றில் வைப்பது எங்கள் குடும்பத்தில் அதுவே முதல் தடவை. ஏற்பாடு முழுக்க என்னுடையது. எனவே வேனில் இருந்த அத்தனை பசிக்கும் நான்தான் பொறுப்பு.

"எஸ்தரு, என்னமோ மணக்குதே?" முன் சீட்டிலிருந்து பெரியத்தான் கேட்டார். என் கணவரின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ரோட்டுல ஏதோ கடை அத்தான்."

வெளியே இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். கடை என்று சொல்ல ஒரு பெட்டிக்கடைகூட இல்லை. என் கணவர் சாமுவேல் என் காலடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவருக்கு இந்த அளவு பக்குவமாவது வந்திருக்க வேண்டும்.

விருந்துக்குப் போகிறவள் எதற்குச் சால்னாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? அதைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னிடம்தான் வருவார்கள்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பாத்திரக் கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடைக்கே வந்துவிட்டார். "பித்தளை, எவர்சில்வர்லாம் சரி. அதுல ஆக்குற சோத்தப் பத்தி எப்ப எழுதப் போறீக?" என்றார். இதோ எழுதுகிறேன்.

தேனியிலிருந்து கூடலூர் வரை எங்கே புதுச் சாப்பாட்டுக் கடை வரப் போகிறது என்றாலும், முதலில் தெரிவது எனக்குத்தான். போர்டு எழுதுகிறவருக்குக்கூட அப்புறம்தான் தெரியும். மற்றவர்கள் செல்போனைத் தடவித் தடவிக் கண்டுபிடிப்பார்கள். எனக்கு அந்த வேலை இல்லை. கடை திறக்கிறவர் யாராக இருந்தாலும் பாத்திரத்துக்கு என்னிடம் வந்துதானே ஆக வேண்டும்? இதுவரை நான் கேள்விப்படாத பாத்திரத்தை ஒருவர் கேட்டால், நான் கேள்விப்படாத சாப்பாடு ஒன்று ஊருக்கு வரப் போகிறது என்று அர்த்தம்.

முதலில் வந்தது நேபாளத்துப் பக்கத்து ஜோடி. அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெண்ணுக்குப் பத்து வார்த்தை தெரியும். இட்லிக் கொப்பரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தட்டில் இருந்த குழிகளைக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். ஓட்டைகளைக் காட்டி, வேண்டும் என்றார்கள். நான் இடியாப்பத் தட்டு நான்கை எடுத்து வைத்தேன். அந்தப் பெண் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! பத்து நாள் கழித்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் என் தட்டுகள் ஆவி கக்கிக்கொண்டிருந்தன. மோமோ என்றார்கள். நம் கொழுக்கட்டைக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டது போல இருந்தது. உள்ளே கோழியும் முட்டைக்கோஸும், தொட்டுக்கொள்ள ஒரு சிவப்புச் சட்னி. நானும் சாமுவேலும் கண்ணில் தண்ணீர் வரவரப் பத்து தின்றோம்.

அடுத்து வந்தது கயல். கல்லூரிப் பக்கம் கொரியாச் சாப்பாட்டுக் கடை வைக்கப் போவதாகச் சொல்லி, செல்போனில் ஒரு படம் காட்டினாள். கறுப்புக் கல் கிண்ணம், உள்ளே சோறு கொதிக்கிறது. "இது மாதிரி இங்கன கெடைக்குமாக்கா? ஆன்லைன்ல பாத்தா ஒடஞ்சு வருது" என்றாள். நான் பரணில் ஏறி, வருஷக்கணக்கில் விலை போகாமல் கிடந்த கல்சட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். தூசியோடு தூசியாக ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் கடையில் கல்சட்டிச் சோற்றுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். காய், முட்டை, மிளகாய் விழுது எல்லாம் போட்டுப் பிசைந்து தின்ன வேண்டும். அடியில் பிடித்த சோறுதான் அதில் ருசி. சாமுவேல் தின்று முடித்துவிட்டு, "நம்ம கூட்டாஞ்சோறுதான" என்று சத்தமாகச் சொன்னார். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

கம்பத்துக்கு அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தோட்டத்துக்குள்ளேயே மண் அடுப்பு கட்டிப் பீட்சா போடுகிறார். அடுப்புக்குள் விட்டு எடுக்க நீளக் கைப்பிடி வைத்த பலகையை ஆசாரியிடம் சொல்லிச் செய்து கொடுத்தது நான்தான். தலைக்கு மேலே பந்தலில் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்கும். அதையே பறித்துப் பாலாடைக்கட்டியோடு பீட்சா மேல் வைத்துச் சுட்டுத் தருவார். எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சைக்குக் கொட்டை உண்டு. கொட்டையைத் துப்பித் துப்பிப் பீட்சா தின்னும் ஊர் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சென்னையிலிருந்து வரும் உறவுக்காரர்கள், "பாவம், இங்க உங்களுக்கு வெரைட்டியா ஒண்ணும் கிடைக்காதுல்ல?" என்பார்கள். அந்தக் கேள்விக்காகவே நான் காத்திருப்பேன். ஒரு நாள் மத்தியானம் இரண்டு நாடு, சாயங்காலம் ஒரு நாடு என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்து, வயிறு தாங்காமல் கும்பிடு போட வைத்துத்தான் அனுப்புவேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு கோளாறு

இவ்வளவு பெருமை பேசுகிறேனே, எங்கள் ஆட்களிடம் ஒரு கோளாறும் உண்டு. எதைக் கொடுத்தாலும் குழம்பு கேட்பார்கள்.

பரோட்டாவுக்குச் சால்னா வாளியோடு ஆள் நிற்க வேண்டும். கேட்காமலே ஊற்ற வேண்டும். இரண்டாம் தடவை ஊற்றும்போது முகம் சுளிக்கக் கூடாது. இப்படியே வளர்ந்த நாக்கு எங்களுடையது. மோமோ வண்டியிலும் போய், "சால்னா இல்லையா?" என்றார்கள். அந்த நேபாளத்துப் பெண் இரண்டே மாதத்தில் அதையும் வைக்கக் கற்றுக்கொண்டாள். கயல் கடையில் மிளகாய் விழுதைத் தண்ணீர் விட்டுக் கலக்கி ஒரு கிண்ணத்தில் கொடுத்துச் சமாளிக்கிறாள். திராட்சைத் தோட்டக்காரரிடமும் ஒருவர், "இதுக்கு ஊத்திக்க என்ன இருக்கு?" என்று கேட்டாராம். எல்லோரும் எங்கள் ஊருக்கு வளைந்து கொடுத்துவிட்டார்கள்.

வளையாதவர் ஒரே ஒருவர்தான். ஜமால் அண்ணன்.

என் பிறந்த ஊர் உத்தமபாளையம். அங்கே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நூர்ஜஹான். ஜமால் அண்ணன் அவள் கணவர். கல்யாணமான மறுவருஷமே வளைகுடாவுக்குப் போனவர், இருபத்திரண்டு வருஷம் ஓர் அரபியின் சாப்பாட்டுக் கடையில் சமையலறையிலேயே கிடந்தார். போன வருஷம் வந்து, இனிமேல் போகவில்லை, சொந்தக் கடை வைக்கப் போகிறேன் என்றார். சொன்ன மூன்றாம் நாள் எங்கள் கடை வாசலில் நின்றார்.

"தங்கச்சி, இருக்கறதுலயே பெரிய தாம்பாளம் முப்பது வேணும்."

"முப்பதா? யாருக்குண்ணே சீரு?"

"ஊருக்குத்தான்."

எங்கள் பக்கம் அந்தத் தாம்பாளம் கல்யாணச் சீருக்குத்தான் போகும்; பழமும் பட்டுப்புடவையும் அடுக்கி, வரிசையாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர் அதில் சோறு போடப் போகிறேன் என்றார். ஒரு தாம்பாளத்தைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிட வேண்டும். மந்தி என்று பெயர், அரபுநாட்டுச் சாப்பாடு. கடையின் பின்புறம் தரையில் ஆளுயரக் குழி தோண்டி, செங்கல் வைத்துப் பூசியிருந்தார். அடியில் புளிய விறகைத் தணலாக்கி, அரிசியையும் கறியையும் உள்ளே இறக்கி, மூடி போட்டுச் சுற்றிலும் மண் பூசிவிடுவார். இரண்டு மணி நேரத்துக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியில் ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் நான் போயிருந்தபோது ஏலக்காயை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். "அங்கன மூட்டையப் பிரிக்கும்போதெல்லாம் ஒரு நிமிசம் அப்படியே நிப்பேன் தங்கச்சி. சாக்குல எந்த நாட்டுப் பேரு போட்டிருந்தாலும் சரி, எனக்கு அது போடிமெட்டு மணந்தான்." எங்கள் மலையில் விளைந்து, போடியில் ஏலம் போய், கடல் தாண்டிப் போகும் ஏலக்காய். நாங்கள் பாயசத்துக்கு நான்கு தட்டிப் போடுவதோடு சரி. அதைக் கறிக்கும் சோற்றுக்கும் இப்படி அள்ளிப் போடலாம் என்று வெளிநாட்டில் தெரிந்துகொண்டு வந்து எங்கள் பள்ளத்தாக்குக்கே சொன்னது எங்கள் ஊர் ஆள்தான். எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஆனால் கடை ஓடவில்லை. ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சால்னா கேட்டார்கள். இல்லை என்றதும் முகத்தைத் தொங்கப்போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுபடி வரவில்லை.

"நான் வீட்டுலயே சால்னா வச்சுத் தாரேன்னு கெஞ்சிட்டேன் எஸ்தரு," என்றாள் நூர்ஜஹான். "கடைக்குள்ள சால்னா வந்தா அன்னைக்கே டிக்கெட் போட்டுருவேங்குறாக. அந்த அரபி வேற போன் மேல போன் போடுறாரு. நோன்பு பொறக்குறதுக்குள்ள வந்தா பழைய வேல, இல்லன்னா வேற ஆளு போட்டுருவேன்னு. கடை ஓடுனா இங்கன இருப்பாக. ஓடலன்னா போயிருவாக. அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு முந்தானையால் மேஜையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவளுடைய இளமை முழுக்க அந்த மனிதர் இல்லாமலே போய்விட்டது எனக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளையும் தனியாக வளர்த்து, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, மாமனார் மாமியாரை அடக்கம் செய்து, எல்லாம் அவள் ஒருத்தியே பார்த்தாள். இன்னொரு தடவை அவள் விமான நிலையத்து வாசலில் நின்று கையசைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் பெரியத்தான் பேரனுக்கு ஞானஸ்நானம் வந்தது. தேனிக் கடைவீதியில் பெரியத்தான் வாய்க்கு ஒரு மரியாதை உண்டு. இரும்புக் கடைக்காரர். அவர் ஒரு கடைக் காப்பியை நன்றாயில்லை என்று சொல்லிவிட்டால், அந்த வாரமே பால் மாறிவிடும். அவர் நாக்கு ஒப்புக்கொண்டால் கடைவீதி முழுக்க உத்தமபாளையத்துக்கு வண்டி கட்டும். விருந்தை ஜமால் அண்ணன் கடையில் வைக்கலாம் என்று ஒரு வாரம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தேன்.

சம்மதித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பெரியத்தான் சும்மா குழம்பு கேட்கிறவர் இல்லை. இட்லிக்கே இரண்டு குழம்பு கேட்கிறவர். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எழுந்து, கோயிலுக்குப் போவதற்குள் மூன்று லிட்டர் சால்னாவை வைத்து இறக்கினேன்.

"பாயாசமா தங்கச்சி?"

வேன் நின்றதும் ஜமால் அண்ணனே வாசலுக்கு வந்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டார், பெரியத்தானுக்குக் கை கொடுத்தார். எல்லோரும் உள்ளே போனார்கள். கடைசியாக வாளியோடு இறங்கியது நான்.

"பாயாசமா தங்கச்சி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே அன்றைக்கு ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது வாயில் வரவில்லை.

"சால்னாண்ணே."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. அவர் கத்தவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்களுமா?" என்றார். "இருபத்திரண்டு வருசம் அடுத்தவுக என்ன கேட்டாகளோ அத ஆக்குனேன். உனக்கு என்ன ஆக்கப் பிடிக்கும்னு ஒருத்தரும் கேட்டதில்ல. மொதத் தடவையா என் இஷ்டத்துக்கு ஒண்ணு ஆக்கி, என் சனத்துக்குப் போடுறேன். அதுவும் இத ஊத்துனாத்தான் எறங்கும்னா, நான் அங்கனயே போய்க் கெடக்கேன். ஊத்துறதா இருந்தா எனக்குத் தெரியாம ஊத்துங்க தங்கச்சி. நான் அடுப்படியில இருக்கேன்."

அவர் உள்ளே போய்விட்டார். பின்னால் நூர்ஜஹான் நின்றிருந்தாள். "கொண்டு வா, நான் எடுத்து வைக்கிறேன்," என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. வாளியைத் திரும்ப வேனுக்குள் சீட்டுக்கு அடியில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டேனே தவிர, என் மனசு முழுக்க அந்தச் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை

பாய் விரித்து, ஐந்து ஐந்து பேராக உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு இலை போட்டுச் சாப்பிட்டே பழகிய குடும்பம். நடுவில் ஒரே தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்ததும் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அதிலும் பெரியத்தான் மனைவியும் அவர் மருமகளும் ஒரே தாம்பாளத்தில் மாட்டிக்கொண்டார்கள். மருமகள் சோற்றில் விரலால் ஒரு கோடு கிழித்து, "இது உங்க பக்கம் அத்த," என்றாள். அந்தம்மா கோட்டைத் தாண்டிக் கறியை எடுத்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மணம் எழும்பியது. நீள நீளமான அரிசி, மேலே ஆட்டுக்கறி, தொட்டதும் எலும்பை விட்டுக் கழன்றது. பெரியத்தான் ஒரு துண்டை எடுத்து மென்றார். தலையாட்டினார். நூர்ஜஹான் அடுப்படி வாசலில் நின்று அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து சோற்றை எடுத்து வாயில் போட்டார். ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. தாம்பாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதையோ தேடினார்.

"ஏம் பாய், குழம்பு எங்கன?"

ஜமால் அண்ணன் வந்து நின்றார். "குழம்பு இல்ல அண்ணாச்சி."

"தீந்து போச்சா?"

"வைக்கிறதே இல்ல."

"சோறு இருக்கு, கறி இருக்கு, குழம்பு இல்லன்னா எப்படிப் பாய் எறங்கும்?"

அத்தனை கையும் அப்படியே நின்றன. நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற வேனைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த கெஞ்சல் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. நான் எழுந்து பத்தடி நடந்தால் போதும். பெரியத்தான் சந்தோஷமாகச் சாப்பிடுவார், கடைவீதி வரும், கடை ஓடும். ஆனால் அப்படி ஓடுகிற கடை அந்த மனிதருடையதாக இருக்காது. அவர் தங்கினாலும் மனசு விட்டுப்போன ஆளாகத்தான் தங்குவார்.

நான் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறக்காமல், இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததுதான் நான் இந்த வயது வரைக்கும் செய்ததிலேயே கஷ்டமான காரியம். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஜமால் அண்ணன் பெரியத்தானுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்க மேலாப்புல தின்னுறீக. கைய அடிக்கு விடுங்க."

"அடியில என்ன இருக்கு?"

"குழிக்குள்ள சோறு கீழ, கறி மேல. கறி வேக வேக, அதோட சாறும் கொழுப்பும் சொட்டுச் சொட்டா எறங்கிச் சோத்துக்குள்ள போயிருது. ரெண்டு மணி நேரம் அதத்தான் மூடி வச்சிருக்கேன். நீங்க கேக்குற குழம்பு அம்புட்டையும் சோறு குடிச்சிருச்சு. அந்தச் சோத்த அள்ளித் தாம்பாளத்துல அடியில வச்சிருக்கேன். தோண்டிப் பாருங்க."

பெரியத்தான் மேல்சோற்றை ஒதுக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டார். வெளியே வந்த சோறு வேறு நிறத்தில், மினுமினுவென்று இருந்தது. வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். விழுங்கினார். மறுபடி தோண்டினார். நான் மனசுக்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். சோற்றுக்காக ஜெபம் செய்தது அதுதான் முதல் தடவை.

"ஏம் பாய், வர்றவக எல்லார்ட்டயும் இத மொதல்லயே சொல்ல என்ன?"

"சாப்பிட்டா தெரிஞ்சிரும்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"எப்படித் தெரியும்? நாங்க ஊத்தித் தின்ன ஆளுக பாய். மேல ஊத்துனாத்தான் குழம்புன்னு நெனப்போம். வாயத் தொறந்து சொல்லணும்ல?" பெரியத்தானுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. அதே கோபத்தோடு எங்கள் பக்கம் திரும்பினார். "ஏலே, என்ன பாத்துக்கிட்டு இருக்கீக? எல்லாரும் அடியில தோண்டுங்க!"

தோண்டினோம். மருமகள் போட்ட கோடு இருந்த இடம் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் தப்பு இரண்டு பக்கமும்தான். அவர் தன் சமையலே பேசும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் தட்டுக்கு வெளியிலேயே தேடிக்கொண்டிருந்தோம். (வாளியை அன்றைக்கு வேன் டிரைவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். சால்னா பிரமாதம் என்று அவர் மனைவி போன் செய்து சொன்னாள். அதிலும் எனக்குப் பெருமைதான். இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?)

பெரியத்தான் எடுத்த பாடம்

அடுத்த வாரமே பெரியத்தான் கடைவீதி ஆட்கள் எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த வாரம் பதினைந்து பேர். ஏதோ தானே அரபுநாட்டில் இருந்து இறங்கியது போல ஒவ்வொரு தாம்பாளத்துக்கும் போய்ப் பாடம் எடுத்தாராம். "குழம்பு கேக்கப்படாது. கேட்டீகன்னா எனக்குத்தான் மானக்கேடு. அடியில கைய விடுங்க." போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரிகள் வந்தார்கள். தேவாரத்திலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டியே வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலையாளத்துக்காரர்கள் ஜீப்பில் வந்து சாப்பிட்டுவிட்டு, "கொள்ளாம்," என்று அவர்கள் பாஷையில் பாராட்டிப் போனார்கள். கயல்கூடத் தன் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளோடு வந்து தோண்டிவிட்டுப் போனாள். பாத்திரக் கடைக்கு மறுபடி ஆர்டர் வந்தது: தாம்பாளம் இன்னும் இருபது.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. கூட்டம் வருவது வேறு, இருபத்திரண்டு வருஷம் பழகிய வேலையை விடுவது வேறு. நோன்புக்கு நான்கே நாள் இருக்கும்போது, அண்ணன் இருக்கிறாரா போகிறாரா என்று கேட்டுவிடப் பஸ் ஏறிவிட்டேன்.

மத்தியானக் கூட்டம். உட்கார இடம் இல்லை. உள்ளே நுழையும்போதே அடுப்படிப் பக்கம் நூர்ஜஹான் சத்தம் கேட்டது. ஐந்தாம் வகுப்பிலிருந்து அவளைத் தெரியும். அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"எத்தன தடவ சொல்றது? உப்பு பத்தல, பத்தலன்னு. காது கேக்குதா இல்லையா? ஈரத் துண்ட வேற இங்கன தூக்கிப் போட்டுட்டுப் போறீக, யாரு எடுக்குறதாம்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஜமால் அண்ணன் ஏதோ முணுமுணுத்தார். அவள் இன்னும் கூடச் சத்தம் போட்டாள். முடிவு சொல்லிவிட்டார், போகப் போகிறார், அந்த ஆத்திரத்தில்தான் கத்துகிறாள் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, குழி அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்டி, இம்புட்டு ஆளுக முன்னால இப்படியா பேசுவ? அரபி போன் பண்ணுனாரா? என்னதான் சொன்னாக?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை. திடீரென்று சிரித்தாள்.

"இருபத்திரண்டு வருசத்துல ஒரு நாளு நான் இவுகளோட சண்ட போட்டதில்ல எஸ்தரு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நாப்பது நாள் லீவுல வருவாக. அதுல எந்த நாள எடுத்துச் சண்ட போட? கோவத்தோட அனுப்பிட்டு அப்புறம் நான் எப்படித் தூங்க? எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டே கெடந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப எனக்கென்ன? நாளைக்கும் இங்கனதான இருக்கப் போறாக."

பிடித்திருந்த கையை உதறிவிட்டு, மீதியையும் சொல்லி முடிக்க உள்ளே போனாள்.